ஆயாவின் கசாயமும் கிளினிக் மாத்திரையும்: சாட்ஸ்வொர்த்தில் கேட்ட கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் முப்பது வருடம் மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பெரியவர்கள் டீயோடு உட்காரும் நேரத்தில், மூலிகை ஆராய்ச்சி பற்றி இரண்டு முறை பேசினேன். பேச்சை விட அதற்குப் பிறகு வந்த கேள்விகள்தான் நன்றாக இருந்தன. திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வந்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐயா, நீங்கள் மூலிகையை நம்புகிறீர்களா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது. எந்த மூலிகை, எந்த நோய்க்கு, எவ்வளவு என்று திருப்பிக் கேட்பேன். "மாத்திரையை நம்புகிறாயா" என்று யாராவது கேட்டாலும் இதையேதான் கேட்பேன்.

கூட்டத்தில் பாதிப் பேர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் விழுங்குகிறவர்கள். அதன் பூர்வீகம் ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற ஒரு செடி. அதிலிருந்த வேதிப்பொருளின் வழியில் போய், 1922ல் ஆய்வுக்கூடத்தில் மெட்ஃபார்மினைச் செய்தார்கள். 1957ல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் சீனத்து மூலிகையிலிருந்து வந்தது. அதற்காக தூ யூயூ அம்மையாருக்கு 2015ல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்குப் பிடித்த கதை நித்தியகல்யாணி. இங்கே வேலியோரம் களையாக முளைக்கிறதே, அந்த ஊதாப் பூதான். சர்க்கரைக்கு நல்லது என்று பல நாடுகளில் அதன் இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் என்ற இருவர் ஜமைக்காவிலிருந்து வந்த இலையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெள்ளணுக்கள்தான் சரிந்தன. வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமோ என்று யோசித்தார்கள். அந்தச் செடியிலிருந்து பிறந்த வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் மருந்துகள் இன்றும் புற்றுநோய் வார்டுகளில் ஏறுகின்றன. செடியில் மருந்து இருந்தது, ஆனால் நம் பாட்டிமார் நினைத்த நோய்க்கு அல்ல. அதனால்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். இன்னொன்று: அந்த இலையை வீட்டில் காய்ச்சிக் குடிக்காதீர்கள். வெள்ளணுவைச் சரிக்கும் சரக்கு அது.

"ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறதே, போதாதா?

யார் மேல் நடந்த ஆராய்ச்சி என்று கேளுங்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களை எதுவும் கொல்லும். சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் செத்துப்போகும். அடுத்தது எலி. எலியில் பலித்ததில் பெரும்பகுதி மனிதனிடம் வந்ததும் பல்லிளித்துவிடுகிறது.

சரி, மனிதர்களிடம் எப்படிச் சோதிக்கிறார்கள்? நூறு பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதிக்கு மருந்து. மறு பாதிக்கு அதே நிறம், அதே வடிவத்தில் சரக்கு எதுவும் இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது போனது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. கடைசியில்தான் கட்டைப் பிரித்துக் கணக்குப் பார்ப்பார்கள்.

இவ்வளவு சுற்றிவளைப்பு எதற்கென்றால், சளி தானாகவே ஒரு வாரத்தில் போய்விடும். ஐந்தாம் நாள் கசாயம் குடித்தவர் ஏழாம் நாள் கசாயத்தைத்தான் புகழ்வார். முதுகுவலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்தைத் தேடுவோம், அது எப்படியும் இறங்கப்போகிற நேரம். எதையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் இந்த மயக்கம் தெளியாது.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி உண்மையா இல்லையா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் இது நம்மவர்கள் கதை.

1988ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர் லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியை நெடுநாளாக ரத்தத்தில் சுமப்பவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். வாங்கியவர்கள் 37 பேர், வெற்று மருந்து வாங்கியவர்கள் 23 பேர். சில வாரம் கழித்துப் பார்த்தபோது, பொடி உண்டவர்களில் 22 பேருடைய ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளப் புரதம் இல்லை. மற்றவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி. கட்டுரையில் பெயர் போட்டவர்களில் ஒருவர் பரூக் பிளம்பர்க். ஹெபடைட்டிஸ் பி கிருமியையே கண்டுபிடித்து, 1976ல் நோபல் பரிசு வாங்கியவர். நான் அப்போது இளைஞன். "பார், நம் ஆயா சொன்னது லான்செட்டிலேயே வந்துவிட்டது" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அப்புறம் தாய்லாந்தில் செய்துபார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்துபார்த்தார்கள். அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. செடி முளைத்த மண் வேறா, பறித்த பருவம் வேறா, முதல் ஆய்வில் ஆள் குறைவா, பின்தொடர்ந்த காலம் போதவில்லையா என்று பல காரணம் பேசினார்கள். எதுவானாலும், ஒரே ஆய்வை நம்பி மருந்தென்று அறிவிக்க முடியாது.

அப்படியானால் ஊரில் எத்தனை பேருக்குக் காமாலை குணமானது பொய்யா? குணமானது உண்மை. ஆனால் கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் இறங்கிவிடும். கீழாநெல்லி கொடுத்தாலும் இறங்கும், கொடுக்காவிட்டாலும் இறங்கும். ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல, சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து ஈரலைச் சுருக்கும். அதற்கு இன்று நல்ல மாத்திரை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் போடுகிறார்கள். கண் மஞ்சளித்தால் முதலில் எது என்று ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. பாகற்காய்க்குக் கொஞ்சம் சர்க்கரையை இறக்கும் குணம் இருப்பதாகத்தான் தெரிகிறது. தாய்லாந்தில் 2011ல் வெளியான ஒரு நான்கு வார ஆய்வில், நாளுக்கு 2 கிராம் பாகற்காய்ப் பொடி சர்க்கரையைச் சிறிது குறைத்தது. ஆனால் நாளுக்கு 1 கிராம் மெட்ஃபார்மின் அளவுக்குக் குறைக்கவில்லை. மறு ஆண்டு எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் குழு, பாகற்காயைச் சர்க்கரைக்கு மருந்தாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மாமியார் புரட்டாசி விரதத்தில் காலையில் கிளிக்ளசைட் என்ற சர்க்கரை இறக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறும் குடித்துவிட்டு, சாப்பிடாமல் பூஜை அறையில் உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, அப்படியே சாய்ந்துவிட்டார். சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. சாய்த்தது மாத்திரையா, சாறா, விரதமா? மூன்றும் கூட்டுச் சேர்ந்தன என்பது என் கணிப்பு. மருந்துக் கடைக்காரன் வீட்டிலேயே இப்படி!

காயாகச் சமைத்துச் சாப்பிடுவது வேறு விஷயம், அதைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. இந்த நாட்டில் சர்க்கரை நோய் அதிகம் இருப்பது நம் இந்திய வம்சாவளியினரிடம்தான். பாகற்காயை விட, ஒரு சோற்றுக் கரண்டியைத் தட்டில் குறைத்தால் பலன் அதிகம்.

இங்கத்திய மூலிகை கான்சர் புஷ் எச்.ஐ.விக்கு நல்லது என்கிறார்களே?

ஆஃப்ரிகான்ஸில் கான்கர்போஸ், சூலு மொழியில் உன்வேலே. சிவப்புப் பூ, ஊதிய பலூன் போன்ற காய். வார்விக் சந்தையில் மூட்டையாகக் கிடைக்கும். இதை எச்.ஐ.வி உள்ளவர்கள் நிறையப் பேர் சாப்பிட்டுவந்ததால், சரி, சோதித்தே பார்ப்போம் என்று நம் குவாசூலு-நட்டால் மாகாணத்திலேயே இறங்கினார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் நடந்த ஆய்வு 2015ல் வெளியானது. எச்.ஐ.வியை அடக்கும் ஏ.ஆர்.வி மாத்திரை இன்னும் தொடங்காதவர்களில் ஒரு பாதிக்கு நாளுக்கு இரண்டு வேளை 1200 மில்லிகிராம், மறு பாதிக்கு வெற்று மருந்து, 24 வாரம். முடிவில் கணக்கில் வந்தவர்கள் 107 பேர்.

கிருமியின் அளவு மாறவில்லை. சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையும் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் மூலிகை உண்டவர்கள் பக்கம் தொற்றுநோய்ச் சுமை கூடியிருந்தது. காசநோய் வராமலிருக்க ஐசோனியாசிட் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் இருவருக்கு, அதுவும் மூலிகைப் பக்கத்தில், காசநோய் வந்ததுதான் காரணம். மூலிகை அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்ததோ என்ற சந்தேகம் எழுந்தது. இரண்டு பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது என்னிடம் கேட்டால், இதைத் தொடாதே என்பேன்.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். உள்ளூர் மூலிகையை இளக்காரமாகப் பார்க்காமல், எந்த மருந்தையும் போலவே நிறுத்துப் பார்த்தார்கள். வந்த விடை பிடிக்கவில்லை என்று மறைக்கவும் இல்லை.

எய்ட்ஸுக்குப் பூண்டு, பீட்ரூட் என்று ஒரு அமைச்சர் சொன்னது நினைவிருக்கிறதா?

மறக்குமா? மான்டோ சபலாலா-ம்சிமாங் சுகாதார அமைச்சராக இருந்த காலம். 2006ல் டொராண்டோ எய்ட்ஸ் மாநாட்டில் நம் நாட்டுக் கூடத்தில் பூண்டும் எலுமிச்சையும் பீட்ரூட்டும் அடுக்கி வைத்திருந்தார்கள். உலகமே சிரித்தது. இங்கே சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை. ஏ.ஆர்.வி மாத்திரையை நேரத்தோடு கொடுக்காததால் 2000க்கும் 2005க்கும் இடையில் 3,30,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008ல் கணக்கிட்டார்கள்.

பூண்டின் மேல் குற்றமில்லை. ஆனால் பூண்டு மாத்திரையை சக்வினாவிர் என்ற எச்.ஐ.வி மருந்தோடு கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில், ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைந்தது. சட்டியில் போடும் நாலு பல்லுக்கு இது பொருந்தாது, டப்பாவில் வரும் மாத்திரைக்குத்தான்.

மஞ்சள்?

குழம்பில் போடுங்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் குடலில் அதிகம் உறிஞ்சப்படாது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் இருபது மடங்கு ஏறுகிறது என்று 1998ல் பெங்களூரில் கண்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டு மிளகு சேர்த்த மஞ்சள் மாத்திரைகள் கடைகளில் குவிந்துவிட்டன. இப்போது அமெரிக்காவில் அந்த மாத்திரையால் ஈரல் பாதித்தவர்களைப் பதிவு செய்கிறார்கள். எல்லோருக்கும் வருவதில்லை, வந்தால் மோசம். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்துங்கள்.

இயற்கையானது எப்படி ஐயா தீங்கு செய்யும்?

இந்தக் கேள்விக்கு நம் மாகாணமே பதில் வைத்திருக்கிறது. இம்பிலா என்று ஒரு வேர். சூலு மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆரோக்கியம் என்று பொருள். அதைக் காய்ச்சிக் குடித்தவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், ஈரலும் சிறுநீரகமும் ஒன்றாகக் கெட்டு இறந்ததை 1970களில் இங்கத்திய மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் அட்ராக்டிலோசைட் என்ற நஞ்சு இருக்கிறது.

சூலு வைத்தியத்தை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், நம் பெட்டியிலும் இருக்கிறது. ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி இரண்டும் அரிஸ்டோலோக்கியா குடும்பம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை வாங்கிய பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் செடி ஒன்று கலந்துபோயிருந்தது. அதிலுள்ள அமிலம் புற்றுநோயும் உண்டாக்கும் என்பது பின்னால் உறுதியானது. ஆடு தீண்டாதது என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை போலும்.

உலோகம் இன்னொன்று. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக 2004ல் எழுதினார்கள். இந்தியாவிலிருந்து உறவினர் பெட்டியில் வரும் பேரில்லாத செந்தூரப் பொட்டலத்தை நான் வாங்குவதே இல்லை.

அப்புறம் வேப்பிலை. அம்மன் திருவிழாவுக்கும் அம்மை போட்ட வீட்டு வாசலுக்கும் இங்கே நாம் கட்டுவது பல இடங்களில் வேம்பே அல்ல, சிரிங்கா. மலைவேம்பு இனம். 1860ல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து கரும்புக் காட்டில் இறங்கியவர்களும் அவர்கள் பின்னால் வந்தவர்களும் வேம்பைத் தேடி, சாயலில் ஒத்த மரத்தை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். வாசலில் கட்டுங்கள், அம்மன் கோபிக்க மாட்டாள். ஆனால் அதன் மஞ்சள் பழம் விஷம். வேப்பம்பழம் என்று குழந்தைகள் வாயில் வைத்துவிடக் கூடாது.

ஒருங்கிணைந்த மருத்துவம் என்றால் எல்லாவற்றையும் கலந்து சாப்பிடுவதா?

அதுதான் இல்லை. டாக்டரின் சிகிச்சை நடுவில் நிற்கும். பக்கத்தில், சோதனையில் தேறிய துணை முறைகள் நிற்கும். புற்றுநோய் வார்டில் கீமோவால் வரும் குமட்டலுக்கு அக்குபங்சர், களைப்புக்கும் மனக்கலக்கத்துக்கும் யோகா, இப்படி. முக்கியம், டாக்டரும் துணை முறை செய்பவரும் நோயாளியின் ஒரே மருத்துவக் குறிப்பைப் பார்ப்பது. ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் போனால் அது இரண்டு குதிரைச் சவாரி.

கீமோவை நிறுத்திவிட்டு மூலிகைக்குப் போகிறேன் என்கிறாள் என் தோழி.

அவளிடம் சண்டை போடாதீர்கள். ஏன் நிறுத்துகிறாள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பயம், வாந்தி, முடி கொட்டுவது. அதற்கெல்லாம் வழி இருக்கிறது. அதே சமயம் கணக்கையும் மறைக்காதீர்கள். குணமாக்க வாய்ப்புள்ள நிலையில் மாற்று மருத்துவம் மட்டும் எடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேரோடு யேல் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2018ல் எழுதினார்கள். முதல் கூட்டத்தில் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கு மேல். கான்சர் புஷ் என்று பெயரிலேயே கான்சர் இருப்பதால் அது கான்சரைத் தீர்க்கும் என்று ஆகாது. மனிதர்களில் அப்படிக் காட்டிய ஆய்வு கிடையாது.

நம் ஊர் மூலிகையில் தேறியதே இல்லையா?

இருக்கிறது. கிழக்கு கேப்பிலும் லெசோத்தோவிலும் வளரும் பெலார்கோனியம் கிழங்கு. காசநோய் பிடித்த சார்ல்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1897ல் இங்கே வந்து, பசுட்டோ வைத்தியர் ஒருவர் கொடுத்த கிழங்குக் கசாயத்தால் பிழைத்ததாகச் சொல்லி, லண்டனில் விற்றார். காசநோய்க்கு அது மருந்தில்லை. ஆனால் இருமலோடு வரும் மூச்சுக்குழல் அழற்சியில் கொஞ்சம் உதவக்கூடும் என்று காக்ரேன் தொகுப்பு சொல்கிறது, ஆதாரத்தின் தரம் குறைவு என்ற எச்சரிக்கையோடு. ஜெர்மனியில் அது இருமல் மருந்தாக நன்றாக விற்கிறது. ஜெர்மன் கம்பெனி வாங்கிய ஒரு காப்புரிமையை எதிர்த்து கிழக்கு கேப்பின் ஆலிஸ் ஊர் மக்கள் சார்பில் வழக்காட, 2010ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதை ரத்து செய்தது. அறிவு யாருடையது, பணம் யாருக்கு என்பதும் ஆராய்ச்சியில் ஒரு பாகம்தான். ரூய்போஸ் தேயிலைக்கு 2019ல் ஓர் ஒப்பந்தம் போட்டு, பண்ணை விலையில் 1.5 சதவீதத்தை இந்த நாட்டுப் பூர்வகுடிகளான சான், கோய் மக்களுக்கு ஒதுக்கினார்கள். கம்மிதான் என்பேன், ஆனாலும் தொடக்கம்.

யாரிடம் போவது? போலி வைத்தியரை எப்படி அறிவது?

ஆயுர்வேதம், யுனானி, சீன மருத்துவம், ஹோமியோபதி செய்பவர்கள் 1982ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதற்கான கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். சித்த மருத்துவத்துக்கு அங்கே தனிப் பிரிவு இல்லை. சங்கோமா, இன்யாங்கா போன்ற ஆப்பிரிக்க வைத்தியர்களுக்கு 2007ம் ஆண்டு தனிச் சட்டம் வந்தது. டப்பாவில், இந்த மருந்தை மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் மதிப்பிடவில்லை என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

டாக்டரிடம் சொன்னால் திட்டுகிறாரே?

சிலர் திட்டுவார்கள். அவர்களுக்கும் நேரமில்லை, பொறுமையில்லை. "சாப்பிடலாமா" என்று கேட்காமல், "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், என் மாத்திரையோடு சேருமா" என்று கேளுங்கள். பாட்டிலையே எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரை அளவைத் திடீரென்று கூட்டினாலும் சொல்ல வேண்டும், முருங்கைக் கீரை உட்பட. அறுவை சிகிச்சைக்கு முன்னால் எல்லா மூலிகை மாத்திரைகளையும் சொல்லுங்கள், ரத்தம் உறைவதைக் கெடுப்பவை சில உண்டு. டாக்டருக்கு நேரமில்லை என்றால் ஃபார்மசிஸ்ட் இருக்கிறார். கவுண்டருக்குப் பின்னால் சும்மா நிற்பது போலத் தெரியும், கேட்டால் சந்தோஷப்படுவார்.

காய்ச்சலுக்கு மிளகு ரசம் குடிக்கலாமா, அதற்கும் ஆய்வு வேண்டுமா?

தாராளமாகக் குடியுங்கள். எனக்கும் ஒரு டம்ளர்.